பூவைப் பார்த்தா தலை தெரியும்: கரூர் ஆத்துக்காசு பற்றி

மழை விட்டும் பாத்தியில ஈரம் விடல. இப்போ கீரை விதைச்சா அழுகிடும், இன்னும் நாலு நாள் காயணும். கையில வேலை இல்லாத நேரம்ங்கறதால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மாதவரத்துல இப்போ எங்க பார்த்தாலும் பள்ளம். மெட்ரோவுக்கு ஒண்ணு, குழாய்க்கு ஒண்ணு. மண்ணை வெளியே கொட்டினா அதுல எதையாவது தேடுற கண்ணும் கூடவே வந்துடும். பச்சை பிடிச்ச செப்புக்காசு ஒண்ணை எடுத்துக்கிட்டு, "அண்ணே, இது ரோம் காசுதானே? யூடியூப்ல லட்ச ரூபான்னு சொல்றாங்க"ன்னு பசங்க வந்து நிக்கறாங்க. என் கொல்லையிலேயே மண்வெட்டியில மாட்டின காசு மூணு எடுத்து வெச்சிருக்கேன். அதனால இந்த வட்டாரத்துல எனக்குக் காசு பார்க்கிறவர்னு ஒரு பேர்.

பசங்க கொண்டு வந்ததுல நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் கம்பெனிக் காசு. அதை அடையாளம் காண பூதக்கண்ணாடி கூட வேணாம். ஒரு பக்கம் கேடயம் மாதிரி சின்னம், அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சிங்கம், கீழே 1803 அல்லது 1808னு வருஷம். மறுபக்கம் பாரசீக எழுத்து. இருபது காசு, பத்து காசுன்னு மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல இருந்த சோஹோ அக்கசாலையில நீராவி இயந்திரத்தை வெச்சு அடிச்சது. 1808-ம் வருஷக் காசைப் பீப்பாய் பீப்பாயா ஏத்திக்கிட்டு இந்தியாவுக்குக் கிளம்பின 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டுல மாட்டி முழுகிடுச்சு. அந்தக் காசெல்லாம் 1980-களில்தான் மேலே வந்துச்சு. நம்ம ஊர் கடையில சில்லறையா புழங்கியிருக்க வேண்டியது, இன்னிக்கு வெளிநாட்டுல நினைவுப்பொருளா விக்குது. சரி, அது வேற கதை.

பசங்க கேட்கிறதும் அசட்டுக் கேள்வி இல்ல. ரோம் காசு தமிழ்நாட்டுக்கு வந்தது நிஜம். நம்ம மாம்பலத்திலேயே முத்திரை குத்தின பழைய வெள்ளிக்காசுகளோட சேர்ந்து அகஸ்டஸ் மன்னரோட வெள்ளிக்காசும் கிடைச்சிருக்கு. 1898-ல புதுக்கோட்டைப் பக்கம் ஒரே இடத்துல 501 தங்கக்காசு கிடைச்சுது. அதுல ரொம்ப காசுகளில் ராஜா தலைமேல வேணும்னே உளியால ஒரு வெட்டு போட்டிருக்கு. இனிமே இது காசா செல்லாது, தங்கமா எடை போட்டு வாங்கிக்கோன்னு அதுக்கு அர்த்தம் சொல்றாங்க.

இந்தத் தங்கக் கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. மிளகு, யவனர், முசிறி, ரோமாபுரித் தங்கமெல்லாம் இந்தியாவுக்கு ஓடுதேன்னு பிளினி அழுதது. எனக்கு அதைவிட, பின்னாடி வந்த செப்புக்காசு மேலதான் மோகம். அதைச் சில்லறைன்னு ரொம்ப நாள் யாரும் சட்டை பண்ணல. அதைப் பத்திப் பேசணும்னா மாதவரத்தை விட்டுட்டு என் மாமனார் ஊர் கரூருக்குத்தான் போகணும்.

கரூரை ஒட்டி ஓடுற அமராவதி ஆத்து மணல்ல காசு கிடைக்கும்ங்கறது அந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழைக்காலம் முடிஞ்சு தண்ணி வத்தினதும் மணலைச் சலிச்சு பொன்துகள், ஈயம், பழைய காசுன்னு எது தேறினாலும் எடுத்து விக்கிறவங்க அங்க இருந்தாங்க. சேரர் காசு, பாண்டியர் காசு எல்லாம் அப்படி வந்ததுதான். 'தினமலர்' ஆசிரியரா இருந்த ஆர். கிருஷ்ணமூர்த்தி, இப்படிக் கரூரிலும் மதுரையிலும் கிடைச்ச பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைச் சேகரிச்சு, ஒவ்வொண்ணாப் படிச்சு, 1994-ல ஆங்கிலத்துல ஒரு புத்தகமாவே போட்டார். சங்ககாலப் பாண்டியர் காசுல 'பெருவழுதி'ன்னு பேர் இருக்கிறதைக் கண்டுபிடிச்சவரும் அவர்தான். தங்கத்தையே பார்த்துக்கிட்டிருந்தவங்களை இந்தச் சின்னக் காசுப் பக்கம் திருப்பினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

என் பெரிய மச்சான் வீட்டுல, அவங்க அப்பா காலத்துல இருந்து ஒரு பால்பவுடர் டப்பா உண்டு. ஆத்துல சலிக்கிறவங்க கிட்ட அப்பப்போ நாலணா எட்டணா குடுத்து வாங்கிப் போட்டது. போன தை மாசம் வீடு இடிச்சுக் கட்டறப்போ டப்பா வெளியே வந்துச்சு. பாத்திரம் பண்டத்தோட பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்ததை மச்சான் தனியா எடுத்து வெச்சுட்டு எனக்கு போன் பண்ணினார். "வந்து ஒரு பார்வை பாருங்க மாப்ளே. ஒண்ணும் இல்லீன்னா எடைக்குப் போட்டுரலாம்" என்றார். போய்ப் பார்த்தேன். 61 காசு. வீட்டுத் தராசுல மொத்தமும் வெச்சா 80 கிராம் சொச்சம். செம்பு விலைக்குப் போட்டா ரெண்டு டீயும் நாலு வடையும் சாப்பிடலாம்.

இனி அடையாளம் காணும் கதைக்கு வர்றேன். நிறையப் பேர் இதைத் தலைப் பக்கத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. எந்த ராஜான்னு கண்டுபிடிச்சா போதும்னு நினைப்பு. பிற்கால ரோமானியச் செப்புக்காசுல அது நடக்கிற வேலை இல்ல. அந்தக் காலத்து அக்கசாலையில எல்லா ராஜாவுக்கும் ஒரே மூஞ்சிதான். வலது பக்கம் பார்த்த தலை, முத்து வெச்ச பட்டை, பின்கழுத்துல அந்தப் பட்டையோட ரெண்டு முனை தொங்கும். அப்பன், மகன், தம்பி எல்லாரும் ஒரே அச்சு. பேர் எழுதின விளிம்புதான் முதல்ல தேயும். ஆனா பூப் பக்கத்துப் படம் ஒவ்வொரு பத்து இருபது வருஷத்துக்கும் மாறிக்கிட்டே வந்துச்சு. அதனால பூவைப் பார்த்தா காலம் தெரியும், காலம் தெரிஞ்சா தலை யாருதுன்னு ஓரளவுக்குச் சொல்லிடலாம்.

அதுக்கு முன்னாடி அளவு. நம்ம பழைய ஸ்டீல் பத்து பைசா ஞாபகம் இருக்கா? குறுக்கே 16 மில்லிமீட்டர், எடை 2 கிராம். டப்பாவில இருந்ததுல பெரும்பாலானவை அதைவிடச் சின்னது, எடையும் ஒரு கிராம் சுமார்தான். சட்டைப் பொத்தான்னு சொல்லலாம். புத்தகக்காரங்க இதை அளவு வெச்சு நாலு வகையாப் பிரிப்பாங்க: 25 மில்லிமீட்டருக்கு மேலே இருந்தா முதல் வகை, 21 வரைக்கும் இரண்டாவது, 17 வரைக்கும் மூணாவது, அதுக்கும் கீழே நாலாவது. காசோட அசல் பேர் என்னன்னு உறுதியா சொல்ல முடியாததால இந்த ஏற்பாடு. நம்ம டப்பா கிட்டத்தட்ட முழுக்க நாலாவது வகை.

வெளிச்சம்தான் அடுத்த விஷயம். மேலே இருந்து டார்ச் அடிச்சா ஒண்ணும் தெரியாது. காலை ஏழு மணி வெயில் திண்ணையில சாய்வா விழும் பாருங்க, அதுல காசை உள்ளங்கையில வெச்சு மெல்லத் திருப்பணும். தேய்ஞ்ச மேட்டுக்கும் ஒரு நூல் நிழல் விழும். நாலு காலை நேரம் நானும் மச்சானும் இதே வேலையா இருந்தோம். அக்கா காபி கொண்டு வந்து வெச்சுட்டு, "ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சுப் போச்சு"ன்னுட்டுப் போயிடுச்சு.

முதல்ல பிடிபட்டது ரெண்டு போர்வீரர் நிக்கிற காசு. ஆளுக்கொரு ஈட்டி, நடுவுல கொடிக்கம்பம். இது மாமன்னர் கான்ஸ்டன்டைனும் அவர் பிள்ளைகளும் அடிச்சது. சுத்தி 'க்ளோரியா எக்செர்சிட்டஸ்', படையின் பெருமைன்னு எழுதியிருக்கும். இதுல ஒரு சூட்சுமம்: கொடிக்கம்பம் ரெண்டு இருந்தா 330-லிருந்து 335 வாக்குல அடிச்சது, ஒண்ணுதான் இருந்தா அதுக்குப் பின்னாடி 340 வரைக்கும். காசைச் சின்னதாக்கிக்கிட்டே வந்தாங்க, ரெண்டு கம்பத்துக்கு இடம் பத்தல. ஒரு அரசாங்கத்துக்குக் கை இறுகுறதை இவ்வளவு பச்சையா வேற எதுலயும் நான் பார்த்ததில்ல.

அடுத்தது குதிரையோட சாயுற ஒருத்தனை ரோமானிய வீரன் ஈட்டியால குத்துற காசு. 348-க்குப் பிறகு வந்தது, இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலம். எழுத்து 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ'. நல்ல காலம் திரும்பிடுச்சுன்னு அர்த்தம். நம்ம குடுகுடுப்பைக்காரர் சொல்ற அதே வசனம். ஒருத்தனைக் குத்திக் கொல்ற படத்தைப் போட்டு நல்ல காலம் பொறக்குதுன்னு எழுதியிருக்கானுங்களேன்னு மச்சானுக்கு ஒரே சிரிப்பு.

டப்பாவில அதிகம் இருந்தது இன்னொண்ணு. சிறகு வெச்ச வெற்றித் தேவதை தோள்ல வெற்றிச்சின்னத்தைத் தூக்கிக்கிட்டு, ஒரு கைதியைத் தலைமயிரைப் பிடிச்சு இடது பக்கமா இழுத்துட்டுப் போகும். தேய்ஞ்ச காசுல சாய்வா ஒரு கோடும், கீழே ஒரு உருண்டையும்தான் தெரியும். ஒரு தடவை நல்ல காசுல பார்த்துட்டா அப்புறம் கண்ணு தானா கண்டுக்கும். இடது ஓரத்துல கிறிஸ்துவச் சின்னம் ஒண்ணு சிலுவை மாதிரி நிக்கும். 'சாலுஸ் ரெய்புப்ளிகே', நாட்டின் நலம். 380-களில் இருந்து ஐந்தாம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும் இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், அர்க்காடியஸ், ஹொனோரியஸ்னு நாலு பேர் பேர்லயும் இதே படம். இந்த இடத்துலதான் தலைப் பக்கம் உதவும். எழுத்து இடது கீழ் மூலையில தொடங்கி கடிகாரச் சுத்துல போகும். முதல்ல 'டி', 'என்' ரெண்டு எழுத்து, எங்கள் ஆண்டவன்னு பொருள். அப்புறம் பேர். கடைசியில 'பி', 'எஃப்', 'ஏ', 'வி', 'ஜி'. முன்னாலயும் பின்னாலயும் இருக்கிற எழுத்து எல்லாருக்கும் பொது, அதைக் கழிச்சுட்டு நடுவுல நிக்கிற ரெண்டு மூணு எழுத்தைப் பிடிச்சா போதும். 'டி', 'எச்', 'ஈ'ன்னு வந்தா தியோடோசியஸ். 'எச்', 'ஓ'ன்னா ஹொனோரியஸ்.

மூணு ராஜா பக்கத்துல பக்கத்துல நின்னு, நடுவுல இருக்கிறது குள்ளமா இருந்தா அது அர்க்காடியஸ், ஹொனோரியஸ், நடுவுல சின்னப் பையன் இரண்டாம் தியோடோசியஸ். 408-ல அர்க்காடியஸ் செத்துப் போயிட்டதால அந்தக் காசு அதுக்கு முந்தியதுதான். மாலைக்குள்ள வெறும் சிலுவை இருந்தா இந்தப் பையன் வளர்ந்து ஆண்ட காலம், 425-க்கு மேல. மாலைக்குள்ள 'வோட்'னு எழுத்தும் எண்ணும் இருந்தா அது வேண்டுதல் காசு. இத்தனை வருஷம் ஆண்டுட்டேன், இன்னும் இத்தனை வருஷம் ஆளணும்னு ராஜா சாமிக்கு நேர்ந்துக்கிட்டது. படத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு அடியில எழுத்து இருந்தா அது அக்கசாலை இருந்த ஊர். 'ஏ', 'எல்', 'ஈ' அலெக்சாந்திரியா, 'ஏ', 'என்', 'டி' அந்தியோக்கியா, 'சி', 'ஓ', 'என்' கான்ஸ்டான்டிநோபிள். எகிப்து அக்கசாலைக் காசு ஒண்ணு டப்பாவில படிக்கிற மாதிரி கிடைச்சுது. செங்கடல் வழியா வந்திருக்கணும்.

இதுவரைக்கும் அடையாளம். எனக்கு உறைச்சது இந்த வருஷக் கணக்குதான். 330, 348, 390, 408, 425. பள்ளிக்கூடத்துல நமக்கு இதை என்னன்னு சொல்லிக் கொடுத்தாங்க? சங்ககாலம் முடிஞ்சுது, பல்லவர் இன்னும் தலையெடுக்கல, நடுவுல களப்பிரர், இருண்ட காலம். அவ்வளவுதான், ஒரே பத்தி. அந்த இருட்டுல கரூர் ஆத்தங்கரையில யாரோ சட்டைப் பொத்தான் சைஸ் காசைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்காங்க. மிளகு மூட்டை வாங்குற காசு இல்ல இது. 445-ல ரோம்ல போட்ட ஒரு சட்டத்துல, ஒரு தங்கக்காசை 7,000 சின்னக் காசுக்குக் குறைச்சு விக்கக் கூடாதுன்னு இருக்கு. நாலரை கிராம் தங்கத்துக்கு ஏழாயிரம் காசுன்னா ஒரு காசோட பெறுமானத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. நம்ம கீரைக்கட்டு வியாபாரத்துக்குத்தான் ஆகும்.

இதை ஒத்துக்காதவங்களும் உண்டு. உருக்கிப் பாத்திரம் செய்யப் பழைய செம்பா கப்பல்ல வந்திருக்கும், காசாப் புழங்கலைன்னு சொல்வாங்க. இன்னொரு பக்கம், மதுரை வைகைக் கரையில இந்தக் காசு நிறையக் கிடைச்சதைப் பார்த்துட்டு ராபர்ட் சீவெல்ங்கற வெள்ளைக்கார அதிகாரி, ரோமானியர்களே அங்க குடியிருந்திருப்பாங்கன்னு 1904-ல எழுதினார். ரெண்டுமே எனக்கு ஒப்பல. காரணம் இலங்கை. அங்கயும் இதே காலத்துக் காசு ஏராளமாக் கிடைக்குது. கூடவே அங்கேயே அடிச்ச போலியும் கிடைக்குது. அளவு அதே, தலை அதே மாதிரி, எழுத்து இருக்க வேண்டிய இடத்துல மட்டும் வெறும் கோடு கோடா இழுத்திருக்கும். உருக்குறதுக்குன்னா எவனாவது உட்கார்ந்து போலி அடிப்பானா? சில்லறை பத்தல, அதனால அதே மாதிரி செஞ்சுக்கிட்டாங்க. பேருந்துல சில்லறை இல்லாதப்போ நம்ம கையில மிட்டாய் திணிக்கிறதில்லையா, அந்தத் தட்டுப்பாடுதான். குடியிருந்தவன் எந்த நாட்டானா இருந்தாலும் சந்தையில சில்லறை வேணும். ஊர் ராஜா அடிச்சுத் தரல, அலெக்சாந்திரியாவில அடிச்சது புழங்கியிருக்கு.

அதே நேரம் இன்னொரு கோடியில என்ன நடந்துதுன்னு பாருங்க. 408-ல ரோம் நகரத்தை முற்றுகை போட்ட அலாரிக், விலகிப் போகக் கேட்ட பொருளில் தங்கம், வெள்ளி, பட்டோட 3,000 ராத்தல் மிளகும் இருந்துச்சு. மூணு ராஜா நிக்கிற அந்தப் பொத்தான் காசு அடிச்ச அதே காலம். மிளகு நம்ம மலைச் சரக்கு. அப்போ கப்பல் நிக்கல, வியாபாரம் நிக்கல. இருண்ட காலம்னு எழுதினவர் கையில விளக்கு இல்ல, அவ்வளவுதான்.

மச்சான் கேட்டார், "இதுக்கெல்லாம் விலை எவ்வளவு மாப்ளே?" உள்ளதைச் சொன்னேன். படத்தோட, பேரோட இருக்கிறதே உலகச் சந்தையில சல்லிசு, இவ்வளவு தேய்ஞ்சதுக்கு ஒண்ணும் வராது. லட்ச ரூபாய்க் கதையெல்லாம் யூடியூப்போட சரி. அதோட 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னிக்கும் அமல்ல இருக்கு. மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். பள்ளத்துல காசு பொறுக்குற தம்பிங்க இதை மனசுல வெச்சுக்கங்க.

இன்னொண்ணு, புளி. டப்பாவில பத்துப் பன்னெண்டு காசு பளபளன்னு செந்நிறமா இருந்துச்சு. முன்னொரு காலத்துல குத்துவிளக்கோட சேர்த்து யாரோ புளி போட்டு விளக்கியிருக்காங்க. அதுல ஒண்ணுலகூட ஒரு கோடு மிச்சம் இல்ல. 1,600 வருஷம் மண்ணுல கிடந்து ஏறின பச்சைப் பூச்சுலதான் படத்தோட மேடு நிக்குது, பச்சையோட சேர்ந்து அதுவும் போயிடும். ரொம்ப மண்ணு ஒட்டியிருந்தா காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறப்போட்டு மூங்கில் குச்சியால மெல்ல எடுக்கலாம், அதோட நிறுத்திக்கணும். வெளிர் பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா அது உப்பு அரிக்கிற நோய், அதைத் தனியா ஈரம் படாம வெச்சுட்டு மியூசியத்துல காட்டணும்.

மச்சான் ரெண்டு நாள் யோசிச்சுட்டு, கரூர் அரசு அருங்காட்சியகத்துல கொண்டு போய்க் காட்டுறதுன்னு முடிவு பண்ணினார். எடைக்குப் போடறது இல்லைன்னு ஆச்சு. அவங்க அப்பா இருந்திருந்தா எந்தக் காசு எந்தத் துறையில கிடைச்சதுன்னு சொல்லியிருப்பார். இப்போ அக்காவுக்கு ஞாபகம் இருந்த அளவுக்குத்தான் எழுத முடிஞ்சுது. பிரிச்சு வெச்சதுல, பூப் பக்கம் பார்த்துக் காலம் சொல்ல முடிஞ்சது 27, அதுல பேரும் படிக்க முடிஞ்சது 9. தலை மட்டும் தெரியுறது 14. யானை போட்ட சதுரக் காசு ரெண்டு, நிக்கிற ஆள் போட்ட சோழர் காசு ஒண்ணு, ஆக மூணு நம்மூர்க் காசு. மீதி 17-க்குத் தலையும் இல்ல, பூவும் இல்ல. அதையும் ஒரு கவர்ல போட்டு மேலே மச்சான் கையெழுத்துல எழுதியிருக்கு: "அமராவதி ஆத்து மணல், பசுபதிபாளையம் பக்கம், அப்பா வாங்கினது."